அங்கீகாரம் இருக்கா என்று கேட்டோம், இருக்கு என்றார்கள்

என் பி.இ. பட்டச் சான்றிதழைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கத்தில் விரல் வைக்க இடம் இருக்காது. சென்னையில் வாங்கிய மாநில அரசு முத்திரை, வெளியுறவுத் துறையின் ஸ்டிக்கர், டெல்லியில் குவைத் தூதரகம் குத்தியது, குவைத்தில் இறங்கிய பிறகு அந்த ஊர் வெளியுறவு அமைச்சகம் குத்தியது என்று வரிசையாக நாலு. 2012இல் இந்த நாலையும் வாங்குவதற்குள் ஏழு வாரம் போனது, ஏஜென்சிக்குப் பதினெட்டாயிரம் ரூபாய் அழுதேன். நாலும் சேர்ந்து சொல்வது ஒரே விஷயம்: இது போலி இல்லை. ஆறு வருஷம் கழித்து என்னிடம் கேட்ட கேள்வி வேறு. நீ படித்த காலத்தில் உன் துறைக்கு என்பிஏ, அதாவது தேசிய அங்கீகார வாரியம் தரும் தரச்சான்று, இருந்ததா? அதற்கு அந்த நாலு முத்திரையிலும் பதில் இல்லை.

இந்த வருஷம் தங்கச்சி மகள் பொறியியல் கலந்தாய்வில் நிற்கிறாள். கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேண்டுமாம். "அண்ணே, என்பிஏ என்பிஏன்னு நீ ஒருத்தன்தான் சொல்ற. இங்க ஒருத்தரும் அந்தப் பேச்சே எடுக்கல. பிளேஸ்மென்ட் எப்படி, ஹாஸ்டல் எப்படின்னுதான் கேக்குறாங்க" என்றாள் தங்கச்சி. போனில் சொல்லச் சொல்ல நீண்டுகொண்டே போனது. எழுதிவிட்டால் அவளுக்கும் ஆகும், அவளை மாதிரி இன்னும் நாலு பேருக்கும் ஆகும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் பிளஸ் டூ முடித்தது 2004. நுழைவுத் தேர்வு இருந்த காலம், கட்-ஆஃப் 300க்குப் பார்ப்பார்கள். இப்போது மாதிரி வீட்டில் உட்கார்ந்து சாய்ஸ் போடுவதெல்லாம் கிடையாது. பட்டுக்கோட்டையில் இரவு பஸ் ஏறி, கோயம்பேட்டில் இறங்கிப் பல் விளக்கி, அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நேரில் போய், திரையில் இடங்கள் ஒவ்வொன்றாகக் குறைவதைப் பார்த்துக்கொண்டே காத்திருக்க வேண்டும். அப்பா கூட்டுறவு வங்கியில் காசாளர். எதையும் இரண்டு தடவை எண்ணிப் பார்க்கிற ஆள். கலந்தாய்வுக்கு முன்பே மூன்று கல்லூரிகளுக்கு என்னை அழைத்துக்கொண்டு போனார். அதில் ஒன்றின் நுழைவாயில் வளைவில் பெரிய எழுத்தில் மூன்று வரி எழுதியிருந்தது: ஏஐசிடிஇ அங்கீகாரம் பெற்றது, அண்ணா பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டது, என்பிஏ அங்கீகாரம் பெற்றது. அலுவலகத்தில் அப்பா கேட்டார், "சார், அங்கீகாரமெல்லாம் இருக்குல்ல?" அங்கிருந்தவர் தலையைத் தூக்காமல், "எல்லாம் இருக்குங்கய்யா" என்றார். அப்பாவுக்குத் திருப்தி. அந்தக் கல்லூரியிலேயே கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தேன்.

அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. அதுதான் இதில் கொடுமை. நம் ஊரில் அங்கீகாரம் என்ற ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு நாலு வேறு வேறு விஷயங்களைச் சொல்கிறோம். ஏஐசிடிஇ என்ற மத்திய அரசு அமைப்பு தருவது கல்லூரி நடத்துவதற்கான அனுமதி. கடை வைக்க லைசென்ஸ் மாதிரி. அது இல்லாமல் கடையே திறக்க முடியாது, ஆனால் சரக்கு நல்லதா என்று அது சொல்லாது. பல்கலைக்கழகம் தருவது இணைப்பு: பாடத்திட்டமும் தேர்வும் பட்டமும் அவர்களுடையது என்று அர்த்தம். நாக் (NAAC) என்பது இன்னொரு தேசிய அமைப்பு, கல்லூரியை மொத்தமாகப் பார்த்து ஏ, ஏ பிளஸ் என்று கிரேடு போடுவது. என்பிஏ இருக்கிறதே, அது கல்லூரிக்குத் தருவதே இல்லை. ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியாகத் தருவது. மெக்கானிக்கலுக்கு இருக்கும், பக்கத்துக் கட்டடத்தில் சிவிலுக்கு இருக்காது. அதுவும் இந்த வருஷத்திலிருந்து இந்த வருஷம் வரை என்று காலக்கெடுவோடுதான் தருவார்கள். எங்கள் கல்லூரியில் மெக்கானிக்கல், ட்ரிபிள் ஈ, ஈசிஈ மூன்றுக்கும் என்பிஏ இருந்தது. கம்ப்யூட்டர் சயின்ஸ் பிறகு ஆரம்பித்த துறை, அதற்கு இல்லை. வளைவில் எழுதியிருந்த மூன்றாவது வரி உண்மைதான். என் தலைக்கு மேல்தான் எழுதியிருந்தது, எனக்காக எழுதவில்லை.

யாராவது கல்லூரிக்குப் போய் விசாரிப்பதாக இருந்தால் அங்கீகாரம் என்ற வார்த்தையையே வாயில் எடுக்காதீர்கள். "சிஎஸ்இ துறைக்கு என்பிஏ இருக்கா, எந்த வருஷம் வரைக்கும், அந்தக் கடிதத்தைக் காட்டுங்க" என்று கேளுங்கள். இருந்தால் காட்டுவார்கள். ஃபைல் எங்கேயோ இருக்கிறது, பிரின்சிபால் மீட்டிங்கில் இருக்கிறார் என்றால் புரிந்துகொள்ளலாம். அப்படிக் கேட்கக் கூச்சமாக இருந்தால் அதுவும் தேவையில்லை. என்பிஏ இணையதளத்தில் மாநிலம், கல்லூரி, படிப்பு வாரியாகப் பட்டியல் இருக்கிறது. கலந்தாய்வுத் தளத்தில் கல்லூரி விவரம் போடும் பக்கத்திலும் ஒவ்வொரு பிரிவுக்கும் நேராக என்பிஏ உண்டா, எதுவரை என்று இருக்கும். ஐந்து நிமிஷ வேலை. 2004இல் அப்பாவுக்கு அந்த வசதி இல்லை, சரி. இன்றைக்குச் செல்லில் பார்த்துவிடலாம்.

நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால், படித்த நாலு வருஷமும் அது இல்லாதது எனக்கு உறைக்கவே இல்லை. எங்களுக்கு டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் எடுத்த மேடம் மாதிரி ஒருத்தரை நான் பிறகு எங்கேயும் பார்க்கவில்லை. பலகையில் லிங்க்டு லிஸ்ட் படம் போட்டுவிட்டு, ஒரு அம்புக்குறியை மட்டும் அழித்துவிட்டு, "இப்ப மீதி எங்க போச்சு, சொல்லு" என்பார். தரச்சான்று இல்லாத துறையில்தான் அவர் இருந்தார். தரச்சான்று இருந்த பக்கத்துத் துறையில் என்ன நடந்தது என்பதையும் பார்த்திருக்கிறேன். ஆய்வுக்குழு வருகிற வாரம் நூலகத்தில் புதிதாக இரண்டு அலமாரி முளைத்தது. ஆசைப்பட்டு ஒரு புத்தகத்தை எடுத்துப் பிரித்தால் உள்ளே அதே டிரஸ்டின் வேறு கல்லூரி சீல். அடுத்த வாரம் அலமாரியும் இல்லை, புத்தகமும் இல்லை. இதெல்லாம் அந்தக் காலத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். ஒரே ஆசிரியர் பல பொறியியல் கல்லூரிகளின் பட்டியலில் முழுநேரமாக வேலை பார்ப்பதாக அறப்போர் இயக்கம் என்ற ஊழல் எதிர்ப்பு அமைப்பு 2024 ஜூலையில் வெளியில் கொண்டுவந்ததே. அவர்கள் சொன்ன கணக்கு 353 ஆசிரியர்கள், 224 கல்லூரிகள். 2025 பிப்ரவரியில் நாக் ஆய்வுக்குழுவில் போனவர்களையே லஞ்ச வழக்கில் சிபிஐ கைது செய்தது. ஆகவே தரச்சான்று இருந்தால் நல்ல கல்லூரி என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். படிப்பு எப்படி என்று தெரிய வேண்டுமா, அண்ணா பல்கலைக்கழகம் கல்லூரி வாரியாகத் தேர்ச்சி விகிதம் வெளியிடுகிறது, அதைப் பாருங்கள். மூன்றாம் வருஷப் பையன் ஒருவனைக் கேன்டீனில் பிடித்து டீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள். எத்தனை வாத்தியார் நடுவில் விட்டுப் போனார்கள் என்று அவன் சொல்லிவிடுவான்.

2008இல் வெளியே வந்தேன். ஆள் எடுப்பதையே நிறுத்திவைத்திருந்த வருஷம். எட்டு மாதம் சும்மா இருந்துவிட்டு, சென்னையில் ஒரு சின்ன நிறுவனத்தில் நெட்வொர்க் சப்போர்ட்டில் சேர்ந்தேன். நாலு வருஷத்தில் மூன்று இன்டர்வியூ. ஒருவர்கூட என்பிஏ என்று கேட்கவில்லை. சிஸ்கோ சர்ட்டிபிகேட் இருக்கிறதா என்றுதான் கேட்டார்கள். 2012இல் குவைத்தில் ஒரு ஒப்பந்த நிறுவனத்தில் வேலை கிடைத்தது. விசாவில் பதவி, 'முஹந்திஸ் கம்ப்யூட்டர்'. முஹந்திஸ் என்றால் பொறியாளர். எங்கள் கம்பெனியில் அரசு அலுவலக வேலைகளைப் பார்க்கும் மந்தூப் ஓர் எகிப்துக்காரர், என்னைப் பெயர் சொல்லியே கூப்பிட மாட்டார். "யா பாஷ்முஹந்திஸ்!" என்பார். எகிப்தில் இன்ஜினியருக்குத் தருகிற மரியாதையாம் அது. பட்டுக்கோட்டையில் எவனும் என்னை இன்ஜினியர் என்று கூப்பிட்டதில்லை என்பதால் கேட்கச் சுகமாக இருந்தது.

2018 மார்ச்சில் அது மாறியது. பொறியாளர் என்ற பதவியில் இருக்கும் வெளிநாட்டவர் இகாமா என்ற தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும் என்றால் குவைத் பொறியாளர் சங்கத்திடம் என்ஓசி, அதாவது ஆட்சேபணை இல்லை என்ற சான்று, வாங்கி வர வேண்டும் என்று அந்நாட்டு மனிதவள ஆணையம் உத்தரவு போட்டது. இந்தியாவில் படித்தவர்களுக்கு அந்தச் சங்கம் அளவுகோலாக வைத்தது என்பிஏ. ஐஐடியில் படித்தவர்களுக்கே சிக்கல் என்று செய்தி வந்தது, ஏனென்றால் ஐஐடிகள் பொதுவாக என்பிஏ பக்கம் போவதில்லை. 'ஐஐடிக்காரனே இன்ஜினியர் இல்லையாம்' என்று வாட்ஸ்அப்பில் சிரித்துக்கொண்டோம். என் இகாமா ஜூலையில் முடிகிறது என்பது நினைவுக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

பனீத் அல்-கார் என்ற இடத்தில் சங்கத்தின் கட்டடம். ஏப்ரலில் ஒருநாள் பெர்மிஷன் போட்டுவிட்டு என் கல்லூரியில் மெக்கானிக்கல் படித்த ஒருவனோடு போனேன். ஒரே வருஷம், ஒரே ஹாஸ்டல், பட்டமளிப்பு விழாவில் முன்வரிசை பின்வரிசை. அவன் அஹ்மதி பக்கம் எண்ணெய்க் கம்பெனி ஒப்பந்தத்தில் இருந்தான். இருவர் கையிலும் ஒரே மாதிரி ஃபைல், ஒரே கல்லூரிப் பெயர், பின்பக்கம் அதே நாலு முத்திரை. கவுன்டரில் இருந்தவர் தம் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு அவன் ஃபைலை வலது பக்கம் வைத்தார். என்னுடையதைத் திருப்பி என்னிடமே நீட்டினார். "சேம் காலேஜ்" என்றேன். "டிஃபரன்ட் டிபார்ட்மென்ட்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். விதி அப்படி, அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. திரும்பி வரும்போது அவன் கார் ஓட்டினான், நான் பேசவில்லை. சால்மியா சிக்னலில், "மச்சான், எதாவது வழி இருக்கும்டா" என்றான். அவனுக்கு வழி கிடைத்துவிட்ட சந்தோஷத்தை எனக்காக அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அது எனக்குத் தெரிந்ததுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

வழி தேடினேன். முதல் முட்டாள்தனம், அப்பாஸியாவில் ஒரு ஏஜென்ட். டைப்பிங் கடைக்குப் பின்னால் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. உள்ளே ஆள் இருக்கிறது, 350 தினார், பாதி முன்பணம் என்றார். பேரம் பேசி 150 கொடுத்தேன். ரசீது கேட்டதற்கு, "இதுக்கெல்லாம் ரசீது தருவாங்களா தம்பி?" என்று சிரித்தார். மூன்று வாரம் போனை எடுத்தார், நாலாவது வாரம் நம்பரே உபயோகத்தில் இல்லை. அப்போதைய மதிப்பில் முப்பத்து மூன்றாயிரம் ரூபாய். மனைவியிடம் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வாள். வளைகுடாவில் எந்தப் புதுச் சட்டம் வந்தாலும் அடுத்த வாரமே இப்படி நாலு மேஜை முளைக்கும். கம்ப்யூட்டரில் பெயர் பார்த்துச் சொல்கிற விஷயத்தில் எந்த ஏஜென்டும் எதையும் மாற்ற முடியாது. படித்த எனக்கே அது தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்து மே மாதம் ஊருக்கு வந்தேன். பதினெட்டு நாள் விடுப்பு, அதில் பத்து நாள் சம்பளமில்லாதது. கல்லூரிக்குப் போனால் வளைவு புதிதாகப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று இருந்தது. என்பிஏ வரி இன்னும் பெரிதாகியிருந்தது. பிரின்சிபால் மரியாதையாகத்தான் பேசினார். சிஎஸ்இக்கும் என்பிஏ வந்துவிட்டது, 2012இல் என்றார். கடிதத்தின் நகலையும் கொடுத்தார். ஒரு நிமிஷம் உயிர் வந்தது. கீழே பார்த்தால் எந்தக் கல்வியாண்டிலிருந்து செல்லும் என்று தெளிவாகப் போட்டிருந்தது. நான் வெளியே வந்து நாலு வருஷம் கழித்து. "இதை முன்தேதியிட்டு வாங்க முடியாதா சார்?" என்று கேட்டேன். "அவங்க வந்து பாத்த காலத்துக்குத்தான்பா தருவாங்க. நீ படிச்சப்ப அவங்க வந்தே பாக்கலையே" என்றார். டெல்லிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன், பதிலும் அதேதான். யோசித்தால் நியாயம்தான், 2012இல் பார்த்த லேபுக்கு 2008இல் படித்தவன் எப்படிப் பங்கு கேட்பது? சென்னையில் சான்றிதழ் உண்மைத்தன்மைக் கடிதம், அரபி மொழிபெயர்ப்பு, கூரியர் என்று அலைந்ததெல்லாம் கூடுதல் செலவு. எதுவும் அந்த ஒரு கேள்விக்குப் பதில் இல்லை.

இங்கே பலர் தவறுவதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். நீங்கள் சேரும் வருஷத்தில் தரச்சான்று இருந்தால் மட்டும் போதாது, முடிக்கும் வருஷத்திலும் இருக்க வேண்டும். என்பிஏ இப்போது மூன்று வருஷத்துக்கோ ஆறு வருஷத்துக்கோ தருகிறார்கள். 2025இல் சேரும் பிள்ளை 2029இல் வெளியே வரும். பட்டியலில் 2026 ஜூன் வரை என்று இருந்தால் நடுவில் ஒரு புதுப்பிப்பு நடந்தாக வேண்டும். நடக்குமா என்பதை இதுவரை தொடர்ச்சியாக வாங்கியிருக்கிறார்களா, நடுவில் விட்டுவிட்டார்களா என்பதைப் பார்த்து ஓரளவு ஊகிக்கலாம். இன்னொன்று, படிப்பின் பெயர். இன்றைக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்ற பெயரில் ஏழெட்டு படிப்பு இருக்கிறது. சிஎஸ்இ ஒன்று, ஐடி ஒன்று, ஏஐ அண்டு டேட்டா சயின்ஸ் ஒன்று, சிஎஸ்இயிலேயே சைபர் செக்யூரிட்டி ஒன்று. வாத்தியார் ஒருவர்தான், லேப் ஒன்றுதான், ஆனால் சிஎஸ்இக்கு வாங்கிய தரச்சான்று பக்கத்துப் பெயருக்குச் செல்லாது. புதுப் படிப்பு என்றால் குறைந்தது இரண்டு செட் மாணவர்கள் படித்து முடித்து வெளியேறிய பிறகுதான் கல்லூரி விண்ணப்பிக்கவே முடியும். 2020இல் ஆரம்பித்த ஏஐ படிப்பு ஒன்றில் இரண்டாவது செட் வெளியே வருவதே 2025இல்தான். ஆகவே ஏஐ படிப்புக்கு என்பிஏ இல்லை என்பதை வைத்து அந்தக் கல்லூரி மோசம் என்று முடிவு கட்டவும் வேண்டாம், "எங்க காலேஜுக்கு என்பிஏ இருக்கே" என்று அவர்கள் சொல்வதை நம்பி அதில் சேரவும் வேண்டாம்.

காசு விஷயத்திலும் ஒரு துப்பு இருக்கிறது. 2017இல் தமிழ்நாட்டில் கட்டணக் குழு வைத்த கணக்குப்படி, தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்குத் தரச்சான்று இல்லாத படிப்பு என்றால் வருஷத்துக்கு 50,000, இருந்தால் 55,000. அந்த ஐயாயிரம் எதற்கு என்று ரசீது வாங்கும்போது கேட்டாலே விஷயம் வெளியே வந்துவிடும். எனக்குத் தெரிந்த ஒருவர், தரச்சான்று காலாவதியான பிறகும் கூடுதல் கட்டணம் கட்டிக்கொண்டிருந்ததை மூன்றாவது வருஷம்தான் கண்டுபிடித்தார்.

ஜூலை வந்தது. கம்பெனி எச்ஆர் நல்ல மனிதர், வேலையை விட்டு அனுப்பவில்லை. பதவியை மாற்றிக்கொள்ளலாம் என்றார். பொறியாளர் என்று இல்லாவிட்டால் என்ஓசி வேண்டாமே. அப்போது குவைத்தில் நிறைய இந்தியர்கள் செய்ததும் அதுதான். புது வொர்க் பெர்மிட்டில் என் பதவி 'ஃபன்னி கம்ப்யூட்டர்'. ஃபன்னி என்றால் அரபியில் டெக்னீஷியன். ஆங்கிலத்தில் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும், இரண்டும் பொருத்தமாகத்தான் இருந்தது. அந்த அக்டோபரில் அப்போதைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் குவைத் வந்தபோது இந்த விஷயமும் பேசப்பட்டது, ஆனால் என் பதவி அதற்கு மூன்று மாதம் முன்பே மாறிவிட்டிருந்தது.

வேலை அதே வேலை, அதே சர்வர் ரூம், அதே ஏசி குளிர். சம்பளத்தில் பொறியாளர் படி என்று இருந்த 60 தினார் மட்டும் போனது. 520 வாங்கியவன் 460க்கு வந்தேன். அப்போது குடும்ப விசாவுக்குக் குறைந்தபட்சம் 450 தினார் சம்பளம் இருக்க வேண்டும். மகளுக்கு அப்போது இரண்டு வயது. பத்து தினார் இடைவெளியில் என் குடும்பம் அங்கே தங்கியது. எச்ஆர் இன்னும் பதினைந்து தினார் குறைத்திருந்தால் இருவரையும் ஊருக்கு அனுப்பியிருக்க வேண்டும். அந்தப் பத்து தினாரை நினைத்துப் பல இரவு தூக்கம் வரவில்லை. 2021 மார்ச்சில் திரும்பி வரும் வரை 32 மாதம், மாதம் 60, மொத்தம் 1,920 தினார். ஏறக்குறைய நாலரை லட்சம் ரூபாய். ஏஜென்ட், டிக்கெட், சம்பளமில்லாத விடுப்பு, பேப்பர் செலவு எல்லாம் இன்னொரு லட்சம். வேலையை விட்டு வரும்போது தரும் பணிக்கொடையையும் கடைசிச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள் என்பதால் அங்கேயும் ஒரு வெட்டு. அந்த மந்தூப் மட்டும் கடைசி நாள் வரை என்னை "பாஷ்முஹந்திஸ்" என்றேதான் கூப்பிட்டார். என் பெர்மிட்டில் ஃபன்னி என்று மாற்றி எழுதி வாங்கி வந்ததே அவர்தான்.

அப்படியானால் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு என்பிஏ முக்கியமா என்று கேட்டால், என் பதில் ஆளைப் பொறுத்து மாறும். சென்னையிலோ பெங்களூரிலோ சாஃப்ட்வேர் வேலைதான் போதும் என்றால் அது உங்கள் வாழ்க்கையில் ஒருமுறைகூட எதிரே வராமல் போகலாம். நான் திரும்பி வந்து இப்போது சென்னையில் பார்க்கும் வேலைக்கும் யாரும் கேட்கவில்லை. ஆனால் பொறியாளர் என்ற பட்டத்தைச் சட்டம் போட்டுக் காக்கும் நாட்டுக்குப் போனால் கேட்பார்கள். போவோமா மாட்டோமா என்று பதினேழு வயதில் யாருக்குத் தெரியும்? வாஷிங்டன் ஒப்பந்தம் என்று ஒன்று இருக்கிறது, பொறியியல் படிப்புகளை நாடுகள் ஒன்றையொன்று ஏற்றுக்கொள்வதற்காக. இந்தியா அதில் முழு உறுப்பினரானது 2014 ஜூனில். இதிலும் ஒரு நுணுக்கம்: என்பிஏவில் டயர் 1, டயர் 2 என்று இரண்டு வகை. தன்னாட்சிக் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் வாங்கும் டயர் 1 மட்டும்தான் அந்த ஒப்பந்தத்துக்குள் வரும். பல்கலைக்கழகத் தேர்வு எழுதும் சாதாரண இணைப்புக் கல்லூரி வாங்குவது டயர் 2. விளம்பரத்தில் இரண்டும் ஒரே மாதிரி என்பிஏ என்றுதான் இருக்கும்.

பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், பிசிஏ படிப்பவர்கள் வேறு பக்கம் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் மேல்படிப்புக்கு நம் மூன்று வருஷப் பட்டத்தைச் சமமாக ஏற்பார்களா என்பதே பெரிய தலைவலி. அங்கே பட்டங்களை மதிப்பிட்டுச் சொல்லும் டபிள்யூஇஎஸ் போன்ற அமைப்பு, பட்டம் தந்த இடத்துக்கு நாக் ஏ கிரேடு இருக்கிறதா, நீங்கள் எந்த வகுப்பில் தேறினீர்கள் என்று பார்க்கிறது. ஜெர்மனிக்கு என்றால் அனபின் என்ற பட்டியலில் உங்கள் பல்கலைக்கழகம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பார்கள், என்பிஏவை அல்ல. ஆக ஒவ்வொரு கதவுக்கும் ஒவ்வொரு சாவி. எல்லாவற்றையும் வாங்கிவைக்க முடியாது. குறைந்தபட்சம் கையில் எது இருக்கிறது, எது இல்லை என்று தெரிந்துகொண்டு சேரலாம்.

படித்து முடிக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்று. டிசி வாங்கப் போகிற அன்றைக்கே துறையின் தரச்சான்றுக் கடித நகல் ஒன்றைக் கல்லூரி முத்திரையோடு வாங்கி, மார்க் ஷீட் வைத்திருக்கும் கவரிலேயே போட்டுவிடுங்கள். அந்த வருஷம் இணையதளத்தில் இருக்கும் பக்கத்தையும் பிரின்ட் எடுத்து வையுங்கள். என் மெக்கானிக்கல் நண்பனுக்கு வேலை அவ்வளவு சுலபமாக முடிந்ததற்குக் காரணம், அவன் அப்பா 2008இலேயே அந்த நகலை வாங்கிப் பீரோவில் வைத்திருந்தார். அவர் பத்திர எழுத்தர், எந்தக் காகிதத்தையும் விடமாட்டார்.

தங்கச்சி மகள் பட்டியலில் முதலாவதாக வைத்திருக்கும் கல்லூரியில் சிஎஸ்இக்கு என்பிஏ இருக்கிறது, 2027 ஜூன் வரை. தன்னாட்சிக் கல்லூரிதான், டயர் 1தான். அவள் முடிப்பது 2029. புதுப்பிக்க விண்ணப்பிப்பார்களா, இதற்கு முன் இடைவெளி விழுந்திருக்கிறதா என்று நேற்றுப் போன் போட்டேன். மூன்று பேரிடம் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். கடைசியில் ஒரு அம்மா, "சார், பிளேஸ்மென்ட் டீட்டெய்ல்ஸ் வேணுமா, அனுப்பட்டுமா?" என்றார். அது வேண்டாம், இதுதான் வேண்டும் என்றேன். திங்கட்கிழமை கேட்டுச் சொல்கிறாராம். சாய்ஸ் லாக் பண்ண ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரைதான் நேரம். இரண்டாவதாக இருக்கும் கல்லூரிக்கு நாளைக் காலையில் தங்கச்சியும் மாப்பிள்ளையும் நேரிலேயே போகிறார்கள். என்ன கேட்க வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். அதில் அங்கீகாரம் என்ற வார்த்தை இல்லை.